வலது காதில் ஓர் ஆள்

பல் டாக்டரம்மாவின் க்ளினிக்கில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு காதில் ஒன்றுதான் சொந்தம். வலது காது டாக்டரம்மாவுடையது. டெலிபோன் அந்தக் காதுக்கு, உள்ளறையிலிருந்து அடிக்கும் மணி அந்தக் காதுக்கு, கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பவர்களின் முனகலும் அந்தக் காதுக்கே. இடது பக்கம் வெறும் சுவர். அதில் பல் துலக்கும் முறையைக் காட்டும் படம் ஒன்று தொங்கியது, அது பேசாது. ஆகவே இடது காது அவளுடையது. அதில் இயர்போன் போட்டுக்கொள்ள டாக்டரம்மா அனுமதி தந்திருந்தார்.

"ஒண்ணுதான். ரெண்டாவதையும் சொருகினேன்னு வை, உன் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவேன். மருந்து போடாம."

அவளும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒப்பந்தத்தை மீறியதில்லை. வலது பக்கத்து இயர்போன் எப்போதும் சட்டைப் பொத்தான் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். இடது காதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பாட்டு அவளுக்கு மின்விசிறி மாதிரி. ஓடினால் சரி, நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

அவளுடைய அண்ணன் அப்படியில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. இசைத்தட்டு கேட்பது அவன் பிறவிக் குணம். ஜாஸ், ராக், சிம்பொனி, கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடும் தனி ஆட்கள் என்று எல்லா வகையிலும் பெயர் பெற்ற பழைய தட்டுகள் அவன் அறையில் கூரைவரை அடுக்கியிருக்கும். வீட்டில் அவனுக்குப் பெயர் 'அறிஞர்'. வைத்தது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் அவனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒரு தட்டு. அறிஞர் பேசுவார், நடுநடுவே கொஞ்சம் இசையும் வரும்.

வினை அதில்தான் இருந்தது. ஒரு பாட்டு தொடங்குவதற்குள் அதை எந்தக் கட்டடத்தில் பதிந்தார்கள், மைக் எந்த மூலையில் நின்றது, மூன்றாவது கிடார்க்காரர் ஏன் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் வந்துவிடும். கடைசியில் ஒருநாள் நிலைய மேலாளர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நிகழ்ச்சியைக் கேக்கறது நீங்க, நான், அப்புறம் ரேடியோவை அணைக்க மறந்துட்டுத் தூங்கிப்போனவங்க. இந்த சீசன் முடியட்டும். அந்த நேரத்தை வண்டி ரிப்பேர் நிகழ்ச்சிக்குக் கேக்கறாங்க."

அன்று மாலை அறிஞர் தங்கையின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். மேஜையில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"என்னாச்சு? துண்டுல ஏதாவது இசை வருதா?"

அவன் சிரிக்கவில்லை. "வாரம் பூரா அடுத்தவங்க கண்ணுக்கு வேலை பாக்கறேன். அந்த ஒரு மணி நேரம்தான் என் காதுக்கு. அதையும் பிடுங்கிட்டா நான் வெறும் கண்ணாடிக் கடைக்காரன்தான், இல்ல?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். இந்தக் குரலை அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறாள், அவன் பரீட்சையில் தோற்ற அன்று.

"சரி, நான் என்ன செய்யணும்?"

"மேலாளர் ஒரு யோசனை சொன்னார். இசையைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆள் வாராவாரம் தட்டைக் கேட்டுட்டு, தோணினதைச் சொல்லணுமாம். அது எடுபட்டா விட்டுவைக்கறாராம்."

"ஒண்ணுமே தெரியாத ஆள்னு தேடி, நேரா என்கிட்ட வந்துட்ட."

"உன்னை விட்டா யாரு இருக்கா? உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட கொஞ்சம் தெரியுது. நேத்து எதையோ சீட்டியடிச்சுட்டுப் போனார், சுருதி சரியா இருந்துச்சு."

ஒப்பந்தம் முடிந்தது. அண்ணன் தட்டுகளை அவளுடைய போனில் ஏற்றிக் கொடுப்பான். தட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட முன்கூட்டிச் சொல்லமாட்டான். அவள் வேலை நேரத்தில் கேட்பாள். சனிக்கிழமை அவன் ஒலிப்பதிவுக் கருவியோடு சமையலறைக்கு வருவான். அவள் சொல்வதைப் பதிந்துகொண்டுபோய் நிகழ்ச்சியில் சேர்ப்பான்.

முதலில் ஒரு ஜாஸ் தட்டு. தட்டு முழுக்க ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் பேசிக்கொள்ளும் என்பது அதைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய பதிவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவரை முழுக்க இடது பக்கம் நிறுத்துவார்கள், இன்னொருவரை முழுக்க வலது பக்கம். அவளுடைய வலது பக்கம்தான் பொத்தான் மேல் தொங்குகிறதே. பொத்தானுக்குச் சாக்ஸபோன் கேட்டது. அவளுக்கு ட்ரம்பெட் மட்டும் கேட்டது. அப்படி ஒரு பாதி இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அவள் இப்படித்தான் கேட்கிறாள் என்று அண்ணனுக்கும் தெரியாது.

சனிக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஊதறவர் நல்ல மனுஷன். ஏதோ கேக்கறார். கேட்டுட்டு நிறுத்தறார். பதிலே இல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாக்கறார், அப்புறம் அதையே வேற மாதிரி கேக்கறார். எங்க க்ளினிக்ல உக்காந்து வீட்டுக்காரிகிட்ட போன்ல பேசறவங்களை வாரம் பூரா பாக்கறேன்ல, நமக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேக்கும். அது மாதிரி. பாவமா இருந்துச்சு அண்ணா. அவருக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா."

அறிஞர் கண்ணாடியைக் கழற்றினான். சாக்ஸபோன் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறதே? அதுவும் எப்பேர்ப்பட்ட பதில்! இவள் ஏன்... யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. படித்தவனுக்கு எதையும் எளிமையாக எடுத்துக்கொள்ள வராது.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அவன் சொன்னான்: "கேட்டீர்களா? பதில் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் கேட்டவனுக்கு அது போய்ச் சேரவில்லை! இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவரும் கவனித்ததில்லை."

அவள் அதைக் கேட்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம். நிகழ்ச்சி தொடங்கியதுமே ரேடியோவை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அடுத்து ஒரு ராக் தட்டு. நான்கு பேர் கொண்ட குழு, உலகமே கொண்டாடிய குரல். அந்தக் குரல் வலது பக்கம் இருந்தது, பின்பாட்டு பாடுகிறவர் இடது பக்கம்.

"பாடகருக்கு ரொம்பக் கூச்சம்," என்றாள் அவள். "தட்டு பூரா 'ஊ... ஊ...'ன்னும் 'ஆமா ஆமா'ன்னும்தான் சொல்றார். ஆனா நம்பிக்கையான ஆள். எங்க டாக்டரம்மா பேசும்போது நான் தலையாட்டற மாதிரி, ஒரு இடத்துலகூட விடாம ஆட்டறார். இவரை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா எதையும் துணிஞ்சு பேசலாம்."

"எல்லாரும் முன்னால் நிற்கிறவனைப் பார்த்தார்கள்," என்றான் அறிஞர் வானொலியில். "என் தங்கை ஓரத்தில் நிற்கிறவனைப் பார்த்தாள்."

சிம்பொனிக்கு இடது பக்கம் முழுக்க வயலின்கள். "பெரியவங்க யாரும் வீட்ல இல்லாத நேரம் பசங்க ஓடியாடற மாதிரி இருக்கு," என்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராவது வந்து அதட்ட மாட்டாங்களான்னு தோணிட்டே இருந்துச்சு." அதட்டவேண்டிய பெரிய வாத்தியங்கள் எல்லாம் அவளுடைய பொத்தானை அதட்டிக்கொண்டிருந்தன.

மின்கருவிகளில் செய்த நடனத் தட்டு ஒன்றில், சத்தம் ஒரு காதிலிருந்து மறுகாதுக்குப் போய்த் திரும்பும். "கொசு மாதிரி வருது, போயிடுது. எங்க போகுதுன்னே தெரியல. அடிக்கலாம்னு கையை ஓங்கிட்டேன். எதிர்ல இருந்த பல்வலிக்காரர் 'உள்ள போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டீங்களா'ன்னு எழுந்து நின்னுட்டார்."

வானொலி நிலையத்துக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் அவளுடைய ஆழத்தை வியந்து அனுப்பினார். டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் மட்டும் எல்லா வாரமும் ஒரே வரியை அனுப்பினார்: 'தங்கச்சி சொல்றதுதான் சரி.' மேலாளர் அறிஞரைப் பார்த்தால் இப்போதெல்லாம் எழுந்து நின்றார்.

ஐந்தாவது தட்டில்தான் வீட்டுக்குள் மேகம் கூடியது. ஒரு மனிதன், ஒரு கிடார், வேறு ஒன்றுமில்லை. பரீட்சையில் தோற்ற அன்று அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட தட்டு அது. அந்தப் பதிவில் இடதும் வலதும் கிடையாது. இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி வரும். ஆகவே அவள் முழுசாகக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"இது எனக்குப் பெருசா ஒண்ணும் தோணல," என்றாள்.

"ஒண்ணும்னா?"

"எல்லாத்தையும் இவரே சொல்லிடறார். நமக்குன்னு எதையும் மிச்சம் வைக்கல. வருத்தத்துலயும் கொஞ்சம் பெருமை இருக்கு. எங்க க்ளினிக்குக்குச் சிலர் வருவாங்க, வாயைத் திறந்து காட்டச் சொன்னா தன் கதையைச் சொல்லுவாங்க."

ஒலிப்பதிவுக் கருவியை மூடும்போது அண்ணனின் கை கொஞ்சம் பலமாகவே மூடியது. ஆனாலும் அவன் நேர்மையானவன். ஒரு வார்த்தை வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினான். அந்த ஞாயிறு நிலையத்து டெலிபோன் வெடித்துவிடும் போலிருந்தது. பாதி ஊர் அந்தப் பாடகருக்காக வாதாடியது, மீதி ஊர் அவளுக்காக.

மேலாளர் கையைத் தேய்த்துக்கொண்டார். "இதேதான் வேணும். சீசனோட கடைசி வாரம் நேரலை போடலாம். தங்கச்சியும் நிலையத்துக்கு வரட்டும். போன் லைன் திறந்து வைப்போம். போன் வந்தா நிகழ்ச்சி தொடரும். வரலேன்னா வண்டி ரிப்பேர். எனக்கும் மேல ஆள் இருக்காங்க சார்."

நிலையம் என்பது ஒரு துணிக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேலாளர் பொத்தான்களோடு உட்கார்ந்தார். இந்தப்பக்கம் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். அவள் முன்னால் பெரிய ஹெட்போன் ஒன்றை வைத்தார்கள்.

"ரெண்டு காதுலயுமா?"

"பின்ன மூக்குலயா? போடுடி."

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் சுருக்கமாகவே வணக்கம் சொன்னான். எல்லாருக்கும் பிடித்த முதல் தட்டையே மறுபடி எடுத்திருந்தான். "பதில் கிடைக்காத அந்த ட்ரம்பெட்டை இன்று என் தங்கையோடு சேர்ந்து கேட்போம்," என்று தட்டை ஓடவிட்டான்.

இடது காதில் அவளுக்குப் பழக்கப்பட்ட மனிதர் வந்தார். வழக்கம்போல எதையோ கேட்டார். நிறுத்தினார். அவளும் வழக்கம்போல அவருக்காக வருத்தப்படத் தயாரானாள்.

வலது காதில் யாரோ பதில் சொன்னார்கள்.

அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள். முட்டை அட்டைதான் இருந்தது.

"அண்ணா! அண்ணா, இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கான்!"

அண்ணன் பதறி இசையைத் தாழ்த்தினான். "எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்! பதில் சொல்றான்! என்னமா சொல்றான்! இவ்வளவு நாள் எங்க போயிருந்தான்?"

"அவன் எப்பவுமே அங்கதானே இருக்கான். நீதானே..." அண்ணனின் குரல் பாதியில் நின்றது. "நீ எப்படிக் கேட்ட?"

"எப்படின்னா? க்ளினிக்லதான். இடது காதுல."

"வலது காது?"

"அது டாக்டரம்மாவோடது!"

இதெல்லாம் அப்படியே காற்றில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை. மரத்துப்போன வாயோடு கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே முகம். இத்தனை வாரம் ஊருக்கு அவன் விளக்கிச் சொன்ன ஆழமெல்லாம் ஒரு இயர்போன் தொங்கிய ஆழம். அண்ணனின் ஒரு மணி நேரத்தைத் தன் கையாலேயே கவிழ்த்துவிட்டோமே என்று நினைத்தாள்.

போன் விளக்கு எரிந்தது. அந்த ஆசிரியர்.

"அப்படின்னா, அந்த மௌனத்தைப் பத்தி நான் அவ்வளவு எழுதி அனுப்பினேனே, அதை என்ன பண்ணறது?"

"நானும்தான் சார் அவ்வளவு பேசினேன்," என்றான் அண்ணன் பரிதாபமாக. "சேர்ந்தே வச்சுக்கலாம்."

ஆசிரியர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, போனை வைத்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த விளக்கு எரிந்தது.

"வணக்கம். நான் டாக்ஸி ஓட்டறவன். வாராவாரம் ஒரு வரி அனுப்புவேன்."

"சொல்லுங்க ஐயா," என்றாள் அவள்.

"எனக்கு வலது காது கேக்காதும்மா. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. இந்தத் தட்டு என்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கு. வீட்ல பேரப்பிள்ளை தூங்கும், அதனால தட்டும் சரி, உங்க ரேடியோவும் சரி, எப்பவும் இயர்போன்தான். நீ சொன்ன மாதிரியேதான் எனக்கும். கேக்கறான், கேக்கறான், பதிலே இல்ல. மத்தவங்க எல்லாம் ஜோடி ஜோடின்னு புகழ்வாங்க. எனக்குத்தான் புரியலன்னு நினைச்சுட்டு இருந்தேன். நீ வந்து சொன்னதும்தான் சரி, நமக்கும் ஒரு ஆள் இருக்குன்னு தெம்பு வந்துச்சு. இப்ப நீயும் அந்தப் பக்கம் போயிட்ட. பரவால்ல. ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் என்ன பதில் சொல்றான்?"

அண்ணன் வாயைத் திறந்தான். சாக்ஸபோனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னால் விடிந்துவிடும். திறந்த வாயை மூடிக்கொண்டு தங்கையைப் பார்த்தான்.

அவள் யோசித்தாள். "ஐயா, இயர்போன் இப்ப பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. வீட்லதான் இருக்கேன்."

"வலது காதுக்குன்னு ஒண்ணு இருக்குமில்ல, அதை எடுத்து இடது காதுல வச்சுப் பாருங்களேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்படி வைக்கலாமா?"

"வைக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? உங்க காது, உங்க இயர்போன்."

"அட ராமா," என்றார் அவர். போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. இழுப்பறை ஒன்று திறந்தது. எதையோ தட்டிவிட்டார். அப்புறம் எதுவுமில்லை.

வானொலியில் அமைதி ஆகாது. மேலாளர் எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டினார். ஏதாவது பேசு, பாட்டுப் போடு என்று கையைச் சுழற்றினார். காற்றில் ஒரு நொடி இடைவெளி விடாமல் பேசிப் பழகிய அறிஞர், உள்ளங்கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். ஊர் முழுக்க அடுப்படிகளிலும் வண்டிகளிலும் ரேடியோப் பெட்டிகள் சும்மா இருந்தன. எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர் நல்ல காதை இயர்போனால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் போன் இன்னும் திறந்திருப்பது அவருக்கு நினைவில்லை.

பிறகு, தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, ஒரு கத்தல்:

"ஏய்! இங்க வா! சீக்கிரம் வா! இவன் பதில் சொல்றான்டி!"

"யாரு? குழந்தை எழுந்துடப் போகுது, ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"எழுந்துக்கட்டும்! அவனும் கேக்கட்டும்! சொல்றான்டி, ஒவ்வொண்ணுக்கும் சொல்றான்!"

அவர் போனுக்குத் திரும்பி வரவேயில்லை. குழந்தை எழுந்து அழுதது கேட்டது. அந்த அம்மாள் திட்டியது கேட்டது. நடுநடுவே அவர் சிரித்தது கேட்டது. அண்ணன் அதற்கடியில் மெதுவாகத் தட்டை ஏற்றினான், ஒரு வார்த்தை பேசாமல். அந்த நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுசாகப் போனது. போன் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் மேலாளர் தலையைச் சொறிந்தார். "வண்டி ரிப்பேர்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"காலையில போடுங்க," என்றான் அண்ணன். "வண்டி எல்லாம் காலையிலதானே கிளம்பாது."

திங்கட்கிழமை க்ளினிக்கில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "என் காதுன்னு ஊர் பூரா சொல்லிட்ட போலிருக்கு. உள்ள வாயைத் திறந்துட்டு இருக்கறவர்கூட அதைத்தான் கேக்கறார்."

"தப்பா ஒண்ணும் சொல்லலையே டாக்டர்."

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போனை நான் எடுத்துக்கறேன். அந்த நேரம் மட்டும் காதைத் திருப்பித் தரேன். பல் பத்திரம்."

மத்தியானம் அவள் பொத்தான் மேலிருந்து இயர்போனை எடுத்து வலது காதில் சொருகிக்கொண்டாள். அண்ணனுக்காக, முதல் வேலையாக, ஒரு மனிதனும் ஒரு கிடாரும் மட்டும் இருக்கும் அவனுடைய தட்டைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நியாயமாகக் கேட்டாள். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, உன் ஆளை ரெண்டு காதுலயும் கேட்டுட்டேன்."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் நின்றது. "எப்படி?" என்றான் அவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அதேதான். இப்ப எல்லாத்தையும் ரெண்டு பக்கத்துலருந்தும் சொல்லிடறார்."